செண்பகவடிவு வரையாமல் விட்டவை

செவ்வல்குளத்தில் ஒரு காலத்தில் எல்லாம் இருந்தது, இருந்த எதையும் யாரும் பார்த்ததில்லை, பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் போக ஆரம்பித்தபோதுதான் அட, இதெல்லாம் இங்கே இருந்ததா என்று நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அப்படிப் பார்க்க வைத்தவர் மந்திரவாதியும் இல்லை, சாமியாரும் இல்லை, எங்கள் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கும் செண்பகவடிவுதான், வயது நாற்பத்தொன்பது, ரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூறு.

அந்த ரத்த அழுத்தத்தில்தான் எல்லாம் தொடங்கியது. மனதுக்குப் பிடித்ததாக ஏதாவது பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், தனக்கு என்ன பிடிக்கும் என்று செண்பகவடிவு ஒரு வாரம் யோசித்தார், ஒன்றும் அகப்படவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காலை பத்து பத்துக்குள் தலையைக் குனிந்தபடி அலுவலகத்துக்குள் நுழைந்து, கையெழுத்துப் போட்டு, பிறந்தவர்களை ஒரு பதிவேட்டிலும் இறந்தவர்களை இன்னொன்றிலும் எழுதி, மறுபடி தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் போனவருக்கு, பிடித்தது பிடிக்காதது என்று பிரித்துப் பார்க்க நேரம் எங்கே இருந்தது? எட்டாவது நாள் கல்யாண மண்டபத்துச் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தார்: ஞாயிறுதோறும் நீர்வண்ணத்தில் கட்டடங்கள் வரையப் பழகலாம், முன் அனுபவம் தேவையில்லை. அரசியலை விட்டால் முன் அனுபவம் கேட்காத இடம் ஊரில் இது ஒன்றுதான் என்று சேர்ந்துவிட்டார்.

சொல்லிக் கொடுத்தவன் ரெக்ஸ்லின், இருபத்தாறு வயசு, கட்டடக் கலை படித்துவிட்டு ஒரு கட்டடமும் கட்டக் கிடைக்காமல், கட்டியிருப்பதையாவது வரைவோம் என்று இறங்கியவன். அவனிடம் படித்தவர்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் அவன் அப்பா வயது இருக்கும், ஆனாலும் தாடியைத் தடவிக்கொண்டு அவன் பேசுவதைக் கேட்டால் தாடி பிறந்து அப்புறம்தான் அவன் பிறந்தான் என்று தோன்றும். பென்சிலை நீட்டிப் பிடி, ஒற்றைக் கண்ணை மூடு, கதவு எத்தனை பென்சில் உயரம், கோபுரம் எத்தனை கதவு உயரம் என்று அள. முதலில் வெளிர் பூச்சு, அது காய்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார், காய்ந்த பிறகு நிழல். வெள்ளை வேண்டிய இடத்தில் வெள்ளை பூசாதே, தாளை அப்படியே விடு. இவ்வளவுதான் பாடம். ஆனால் ஒன்றை மட்டும் வாரா வாரம் மந்திரம்போலச் சொல்வான்.

"கண்ணுல படுதத எல்லாம் வரைஞ்சா அது போட்டோ மேடம். அதுக்குத்தான் கையில போன் இருக்கே. விடத் தெரியணும். வேண்டாதத விடுததுதான் கலை."

செண்பகவடிவு அரசாங்க ஊழியர், சொன்னதைச் செய்கிறவர். முதல் ஞாயிறு சந்தை மணிக்கூண்டை வரைந்தார். மணிக்கூண்டை மறைத்துக்கொண்டு ஒரு பிரமுகரின் பிறந்தநாள் பேனர் நின்றது, முப்பதடி உயரம், அதில் அவருடைய பற்கள் மட்டும் ஆறடி. பல் வரைய செண்பகவடிவுக்குக் கை வரவில்லை, வேண்டாததை விட வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, விட்டார். தாள் காய்ந்தது. திங்கட்கிழமை காலையில் பேனரைக் காணோம், கம்பைக் காணோம், கம்பு நட்ட குழியையும் காணோம், அங்கே எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல மணிக்கூண்டு வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

பேனர் வைத்த கட்சி எதிர்க்கட்சி மேல் புகார் கொடுத்தது, எதிர்க்கட்சி உண்ணாவிரதம் இருந்து, மத்தியானம் பிரியாணியோடு முடித்துக்கொண்டது. இரண்டாவது ஞாயிறு கல்யாண மண்டபத்தை வரைந்தபோது, பின்பக்கச் சுவரில் ஓடிய கழிவுநீர்க் குழாய் அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டார். மறுநாள் வளர்பிறை முகூர்த்தம், எண்ணூறு பேர் சாப்பிட்டுக் கை கழுவிய கல்யாணம், மற்றதைச் சொல்ல வேண்டாம், பெண் வீட்டார் இன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மண்டபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்து விஷயம் இன்னதென்று கண்டுபிடித்தோம். செண்பகவடிவின் கண்ணுக்குத் தெரிந்து கை எதை விட்டதோ அது, தாள் காய்ந்ததும் ஊரில் இருக்காது. கண்ணுக்கே தெரியாதது அது பாட்டுக்கு இருக்கும்.

வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டு மயக்கம் போட்டிருப்பார்கள், இல்லை உண்டியல் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் மனு எழுதினோம். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு அடி தள்ளிக் கட்டிய சுவர், எதிர்வீட்டுக்காரன் ஜன்னல், மாமியார் பேரில் இருக்கும் மாட்டுக்கொட்டகை, கோயில் வாசலில் வேறு சாதிக்காரர்கள் நட்ட கொடிக்கம்பம், பள்ளிக்கூட வாசலில் இருக்கிற பள்ளம், இதையெல்லாம் தயவுசெய்து வரையாமல் விட்டுத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் தாங்காமல் நகராட்சி தனிப் படிவமே அச்சடித்தது, விடுதல் மனு, மூன்று பிரதி, பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் அவசியம். என் சுவர் மறைந்து போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று யார் கையெழுத்துப் போடுவான்? ஆகவே எந்த மனுவும் நகரவில்லை, நகராட்சிக்கும் ஒரு புதுப் பிரிவு கிடைத்தது, அதற்கு ஒரு சூப்பரின்டெண்டும் ஒரு மின்விசிறியும் ஒதுக்கினார்கள்.

ரெக்ஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை. அவனிடம் படிக்க நாற்பது பேர் சேர்ந்தார்கள், நாற்பது பேரும் தங்களுக்கு வேண்டாதவர்களின் வீட்டு வாசலில் பலகையும் தண்ணீர்க் கிண்ணமுமாக உட்கார்ந்து முறைத்து முறைத்து வரைந்தார்கள், ஒரு செங்கல்கூட அசையவில்லை. கலை எல்லோருக்கும் வாய்த்துவிடுமா என்று அவன் தாடியைத் தடவினான்.

செண்பகவடிவுக்கு ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒன்று பிடித்திருந்தது. ஈரத் தாளில் நீலம் தானாகப் பரவி நிற்கிற இடம், சுண்ணாம்புச் சுவரில் பத்து மணி வெயில் விழும் மஞ்சள், இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். நூலகத்தை வரைந்தார். ஆறு தூண், அகலமான படிக்கட்டு, நல்ல கட்டடம். படிக்கட்டில் செருப்புத் தைக்கிற சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார். தூணின் நிழல் படியில் வளைந்து விழுகிற அழகை அவர் மறைத்தார். செண்பகவடிவு பென்சிலை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, அவரைத் தாண்டி நிழலை அளந்துகொண்டார்.

சுடலைமுத்துவைக் காணவில்லை என்று பதினோரு நாள் ஊரில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது நாள் தமிழாசிரியர் ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்தது, அப்போதுதான் அந்தப் படியில் யாரோ இருப்பாரே என்று எங்களுக்கு லேசாக ஞாபகம் வந்தது. அதே நாளில்தான் சுடலைமுத்துவின் மனைவி பூமாரி பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"யெம்மா, எங்க வீட்டுக்காரர் பன்னெண்டு நாளா வரல. போலீசுல கேட்டா ஆளு இருந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்காவ. செத்துட்டாருன்னு எழுதணுமா, இருக்காருன்னு எழுதணுமா? நான் எந்த வரிசையில நிக்க?"

செண்பகவடிவு இரண்டு பதிவேட்டையும் திறந்தார், மூடினார். விடுபட்டவர்களுக்கு என்று அரசாங்கம் மூன்றாவதாக ஒரு பதிவேடு கொடுக்கவில்லை. பூமாரியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பூமாரி அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அப்போ திரும்ப வரைங்க," என்றாள்.

வரைந்தார். அன்று சாயங்காலமே நூலகப் படியில் போய் உட்கார்ந்து வரைந்தார். மரப்பெட்டி வந்தது, ஊசி வந்தது, இரும்புக் கட்டை வந்தது, பாதி தைத்த ஒரு செருப்புக்கூட வந்தது, சுடலைமுத்து வரவில்லை. இருபத்திரண்டு வருடம் அவரிடம் செருப்புத் தைத்திருக்கிறார் செண்பகவடிவு, ஆனால் நீட்டிய தன் காலைத்தான் பார்த்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவருக்கு வந்த வெட்கத்தை எந்த டாக்டரும் அளந்து சொல்ல முடியாது.

பிறகு ஒன்பது நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பூமாரி சொல்லச் சொல்ல செண்பகவடிவு வரைந்தார். மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும், சின்ன வயதில் மாடு முட்டியது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். இப்படி அழித்து அழித்து, பூமாரி ஆமா என்று சொல்கிற வரைக்கும் வரைந்து, பத்தாம் நாள் வண்ணம் பூசிக் காய வைத்தார். சுடலைமுத்து படிக்கட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அந்தப் பாதிச் செருப்பைத் தைக்கத் தொடங்கினார். ஆனால் போன வருடமே விழுந்துபோன முன்பற்கள் நான்கும் திரும்ப முளைத்திருந்தன, சாயங்காலமானால் கடைக்குப் போகிற பழக்கம் அடியோடு போயிருந்தது, கடை இருக்கிற திசையே அவருக்குத் தெரியவில்லை.

"குடிப்பாருன்னு நீ சொல்லலையே," என்றார் செண்பகவடிவு.

"வேண்டாதத விடணும்னு நீங்கதானம்மா சொன்னிய," என்றாள் பூமாரி.

இத்தனை நாள் எங்கே போனீர் என்று நாங்கள் சுடலைமுத்துவைச் சுற்றி நின்று கேட்டோம். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இங்கனதான் இருந்தேன். நீங்க யாரும் பாக்கல, எனக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியல," என்றார். நாங்கள் பேச்சை மாற்றினோம்.

இனிமேல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று செண்பகவடிவு முடிவு செய்தார். ஆனால் அரசாங்க ஊழியரின் முடிவு மேலதிகாரியின் காதுக்கு எட்டும்வரைதான் முடிவு. நகராட்சிக் கட்டடத்துக்கு அந்த வருடம் நூறு வயது, விழாவுக்கு அமைச்சர் வருகிறார், அழைப்பிதழ் அட்டையில் கட்டடத்தின் ஓவியம் வேண்டும் என்று ஆணையர் கிருபாகரன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆணையரின் அறை கட்டடத்தின் முன்பக்கம் தெற்கு மூலையில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஏசி போட்டதிலிருந்து அதன் ஜன்னல் சாத்தியே கிடந்தது.

"அழகா வரைங்கம்மா. நம்ம ஆளே வரைஞ்சதுன்னு அமைச்சர்கிட்ட சொல்லணும்," என்றார் ஆணையர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல அந்த இஸ்திரி வண்டி ஒண்ணு நிக்குதே. அதை... உங்களுக்கே தெரியும். விட்டுடுங்க."

வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது, எங்கள் நகராட்சிக்குப் பொருத்தமான மரம்தான். அதன் கீழே பத்தொன்பது வருடமாக இசக்கியம்மாள் தேய்ப்பு வண்டி வைத்திருந்தாள், கட்டடத்தைப் பார்த்து நின்றபடிதான் தேய்ப்பாள், தாலுகாவில் பாதிப் பேரின் மடிப்பு அவள் கையில் இருந்தது, ஆணையரின் சட்டை மடிப்பும்தான்.

"வண்டியை விட்டா வண்டிகிட்ட நிக்குத ஆளும் போயிரும் சார்," என்றார் செண்பகவடிவு.

"அதெல்லாம் நான் சொல்லலை. நான் வண்டியைத்தான் சொன்னேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கும்மா, உங்களை அனுப்பச் சொல்லி மேலருந்து கேட்டுட்டே இருக்காங்க. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்."

செண்பகவடிவு வெளியே வந்து மரத்தடியில் நின்றார். இசக்கியம்மாள் தேய்ப்புப் பெட்டியில் கரியை விசிறிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டார்.

இசக்கியம்மாள் விசிறுவதை நிறுத்தினாள். "எம் பிள்ளை நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கால்லா யெக்கா. நான் இல்லாமப் போனா அவ யார்ட்ட போவா?"

"தெரியல இசக்கி."

"சுடலையண்ணனத் திரும்பக் கொண்டாந்திய. என்னயக் கொண்டார எம் மூஞ்சி ஞாபகம் இருக்குமா?" என்று முகத்தைக் காட்டி நின்றாள் இசக்கியம்மாள். செண்பகவடிவு பார்த்தார். பென்சிலை நீட்டாமல், கண்ணை மூடாமல், ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு இருபத்திரண்டு வருடச் சர்வீஸ் அவருக்குக் கை கொடுத்தது. ஆணையரிடம் போய், "சார், வாய்மொழி உத்தரவுக்கு நான் எப்படி வரைய? நாளைக்குத் தணிக்கை வந்து கேட்டா? வண்டியை விடணும்னு எழுத்துல குடுங்க, அப்படியே செய்யுதேன்," என்றார் பணிவாக.

ஆணையர் பேனாவை எடுத்தார், வைத்தார். அங்கேதான் சிக்கல். அலுவலக வாசலில் ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று ஒவ்வொரு வருடமும் மேலிடத்துக்கு அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். ஏழு வருடக் கோப்பில் அந்த வண்டி கிடையாது. இல்லாத வண்டியை விடச் சொல்லி எப்படி எழுதுவது? எழுதினால் வண்டி இருந்தது என்றாகும், வண்டி இருந்தது என்றால் கையெழுத்து பொய் என்றாகும். இரண்டு நாள் யோசித்து, கடைசியில் ஓர் உத்தரவு வந்தது, வண்டி என்ற சொல்லே இல்லாமல்: மேற்படி அலுவலகக் கட்டடத்தைக் கறையின்றி, விரிசலின்றி, நிழலின்றி, தூய வெண்மையாக வரைந்து அளிக்கப் பணிக்கப்படுகிறது. விழாவுக்காகக் கட்டடத்துக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள்.

உத்தரவை நகல் எடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்து, ஒன்றைப் பலகையின் மூலையில் கிளிப் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரோட்டின் எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார் செண்பகவடிவு. ஊரே வேடிக்கை பார்த்தது. முதலில் மரம் வரைந்தார், மரத்தில் இலை இலையாக, தூங்கிய இலையையும் விழித்த இலையையும் வரைந்தார். பிறகு வண்டியை வரைந்தார். நான்கு சைக்கிள் சக்கரம், அதில் ஒன்றுக்குக் கம்பி குறைவு, மேலே தகரக் கூரை, கூரையில் கட்டிய பழைய சேலை, கரிப் பெட்டியின் வாயில் தெரியும் சிவப்பு, அடுக்கி வைத்த சட்டைகளில் மேலே இருப்பது ஆணையருடையது. பிறகு இசக்கியம்மாளை வரைந்தார், நெற்றி வேர்வையோடு, முழங்கையில் சூடு பட்ட தழும்போடு, கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நிற்கிறவளின் முகத்தோடு. ரெக்ஸ்லின் பின்னால் நின்று, மேடம், டீட்டெய்ல் ஜாஸ்தி, விடுங்க, விடுங்க என்று முனகினான். செண்பகவடிவு திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கட்டடத்தைப் பார்த்தார். புது வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசியது, வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கறை இல்லாமல், நிழல் இல்லாமல், தூய வெண்மையாக. பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து வைத்தார்.

ஆணையர் ரோட்டைக் கடந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். "கட்டடம் எங்கம்மா?"

"இதுதான் சார். வெள்ளைக்கு வெள்ளை பூசக் கூடாது, தாளை விடணும். சார் உத்தரவுப்படிதான் இருக்கு."

ஆணையர் உத்தரவைப் படித்தார், தாளைப் பார்த்தார், மறுபடி உத்தரவைப் படித்தார். அவர் முகத்தில் என்னவோ உதித்து, ஏய், அதைக் காய விடாதீங்க என்று கையை நீட்டியபோது சித்திரை வெயில் தன் வேலையை முடித்திருந்தது.

நூறு வருடக் கட்டடம் சத்தமில்லாமல் போனது. தூசு இல்லை, செங்கல் இல்லை. உள்ளே இருந்தது எதுவும் வெளியிலிருந்து தெரிந்ததில்லை என்பதால் எல்லாம் அப்படியே இருந்தன: மேஜைகள், நாற்காலிகள், கோப்புகள், அவற்றுக்குப் பின்னால் அறுபத்து மூன்று ஊழியர்கள். வானத்தின் கீழே ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இருவர் போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். சூப்பரின்டெண்ட் தலைக்கு மேல், கூரையோடு போன மின்விசிறி எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு கோப்பை எடுத்து விசிறிக்கொண்டார், அந்தக் கோப்பு அன்றுதான் முதல் தடவையாக நகர்ந்தது. மனுக் கொடுக்க வந்தவர்கள் சுவர் இருந்த இடத்தில் பழக்கதோஷத்தில் வரிசையாகத்தான் நின்றார்கள். மூன்று நாள் வேலை நடந்தது, நடந்தது என்றால் முன்பு நடந்ததுபோல. கட்டடம் போனதால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று டீக்கடையில் நாங்கள் விவாதித்து, வெயில் நேரத்தில் ஒதுங்க நிழல் இல்லை என்ற ஒரு முடிவுக்குத்தான் வர முடிந்தது.

ஆனால் அமைச்சருக்குக் கட்டடம் வேண்டும். நூற்றாண்டு விழா என்றால் நூறு வயதான ஒன்று மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டுமே. திரும்ப வரைந்து தாருங்கள் என்று ஆணையர் இந்தத் தடவை எழுத்தில் கேட்டார், தயவுசெய்து என்ற சொல்லையும் சேர்த்திருந்தார்.

"வரைஞ்சு தாரேன் சார். ஆனா எப்படி இருந்ததுன்னு யாராவது சொல்லணும். நான் குனிஞ்ச தலை நிமிராம வந்து போனவ, எனக்கு நெசமாவே தெரியாது," என்றார் செண்பகவடிவு.

ஊழியர்களைக் கேட்டார்கள். மூன்று வளைவு என்றார் ஒருவர், ஐந்து என்றார் இன்னொருவர், வளைவே கிடையாது என்று அடித்துச் சொன்னார் முப்பது வருடச் சர்வீஸ் போட்டவர். போட்டோக்களைத் தேடினார்கள், இருநூறு போட்டோ கிடைத்தது, எல்லாவற்றிலும் மாலையும் மாலைக்குள் தலைவர்களும்தான் இருந்தார்கள், கட்டடம் எங்கேயும் இல்லை. பழைய வரைபடத்தை எடுத்தார்கள், கறையான் அதில் முன்பக்கத்தை முழுசாகத் தின்றிருந்தது. விழாவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது, அப்போது நூலகப் படியிலிருந்து சுடலைமுத்து சொல்லியனுப்பினார்: பத்தொன்பது வருசமா அதைப் பார்த்துக்கிட்டே நிக்குதது ஒருத்தி மட்டும்தான், அவகிட்ட கேளுங்க.

ஆணையர் தேய்ப்பு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கோப்பில் இல்லாத வண்டியின் முன்னால், கோப்பில் இல்லாத ஒரு பெண்ணிடம், கட்டடம் எப்படி இருந்தது என்று கேட்டார். அப்போதுதான் அவருடைய சட்டையை அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுதேன்யா. இந்த உருப்படியை முடிச்சிருதேன், செத்த நேரம் நில்லுங்க," என்றாள் இசக்கியம்மாள். நின்றார்.

பிறகு அவள் சொன்னாள், செண்பகவடிவு வரைந்தார். வாசலில் நாலு வளைவு, நாலாவது மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதுக்கு மேல புறா உட்காருற விளிம்பு. வலப்பக்கம் ஆறு ஜன்னல், ரெண்டாவது ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகக் காலண்டர் அட்டை. எட்டரை மணிக்கு வெயில் முதல் படியில் இருக்கும், பத்தரைக்கு வாசலைத் தொடும், ஆளுங்க வர்றதுக்கு முன்னாலயே வெயில் வந்துரும். தெற்கு மூலையில் ஒரு விரிசல், ஐப்பசி மழையில் அதில் ஒரு அரசங்கன்று முளைச்சுது, நாந்தான் பிடுங்கிப் போட்டேன், இல்லாட்டா கட்டடம் அன்னைக்கே போயிருக்கும். அவள் சொல்லச் சொல்ல நாங்கள் சுற்றி நின்று கேட்டோம், நூறு வருடம் அதற்குள் போய் வந்த ஊருக்கு அன்றுதான் அந்தக் கட்டடம் கண்ணில் விழுந்தது. செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூலையில்தானேம்மா என் ரூம்? அந்த ஜன்னலைச் சொல்லவே இல்லையே," என்றார் ஆணையர்.

இசக்கியம்மாள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதில் பொய் இல்லை.

"அங்க ஜன்னலாய்யா இருந்துது? நான் வந்த நாளா அது தொறந்து பாத்ததே இல்லையே. சுவருன்னுல்லா நெனச்சேன்."

ஆணையர் செண்பகவடிவைப் பார்த்தார். செண்பகவடிவு அந்த மூலையில் நல்ல கெட்டியான காவிப் பழுப்பில், ஓர் ஓட்டைகூட இல்லாமல், சுவர் பூசி முடித்திருந்தார். சித்திரை வெயில் மறுபடியும் தன் வேலையைச் செய்தது.

விழா நடந்தது. அமைச்சர் கட்டடத்தைப் பார்க்காமலேயே பாராட்டிவிட்டுப் போனார். எல்லோரும் அவரவர் மேஜையோடு உள்ளே போனார்கள், அந்த மூலை முழுக்கச் சுவராகிவிட்டதால் ஆணையருக்கு மட்டும் உள்ளே அறை இல்லை, புது அறை கேட்டு அவர் எழுதிய கோப்பு விடுதல் மனுப் பிரிவில் மூன்று பிரதியாக நிற்கிறது. அதுவரைக்கும் அவருடைய மேஜையும் சுழல் நாற்காலியும் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான். மனுக் கொடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்காமல் நேராக அவரிடமே போகிறார்கள், அவரும் வேறு வழியில்லாமல் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறார்.

செண்பகவடிவை யாரும் விளாத்திகுளத்துக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் வரைகிறார், குப்பைத்தொட்டி, ஒயர், பேனர், பல் எல்லாம் சேர்த்து, ஒன்று விடாமல் வரைகிறார், அவருக்குக் கலை போய்விட்டது என்று ரெக்ஸ்லின் வருத்தப்படுகிறான். போன வாரம் மரத்தடியில் வரைந்துகொண்டிருந்தபோது, இசக்கியம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஆணையரின் மேஜைக்கு முன்னால் நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"ஐயா, மேஜையைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க," என்றாள். "ரோட்டை ஆக்கிரமிச்சிருக்கு."